போகியில் எடுத்த மெத்தைகள்

2009 ஜனவரி 5, திங்கள்

பனி. பல்லடம் பேருந்து நிலையத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. திருப்பூர் வரை பேருந்தில் பாட்டு அலறல். உட்கார இடம் கிடைத்தும் பிரயோசனமில்லை. இடுப்பு வலி என்னோடு ஏறி என்னோடே இறங்கியது.

வந்ததும் வராததுமாக முதலாளி மகன் கார்த்திக் சார் கூப்பிட்டார். (இனிமேல் கா.சா. முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது.) மாதக் கடைசியில் பனியன் கம்பெனி எச்.ஆர். ஆட்களின் கூட்டமாம். நம் கம்பெனி சார்பில் நான் பேச வேண்டுமாம். தலைப்பும் அவரே வைத்துவிட்டார்: ‘ஓராண்டு மாற்றம், தலைமைப் பாடங்கள்’.

“நானுங்களா சார்?”

“நீங்கதான் மேடம். இத்தனையும் மாத்தனது நீங்கதானுங்களே.”

அப்படி என்னதான் மாற்றினேன் என்று மத்தியானம் எழுதிப் பார்த்தேன்.

– ‘டைம் ஆபீஸ்’ பலகையைக் கழற்றி ‘எச்.ஆர். டிபார்ட்மெண்ட்’ பலகை. அறை அதே அறை. பல்லியும் அதே பல்லி.

– முழு உருப்படியைத் தைத்துக் கொடுத்த காண்ட்ராக்ட் கும்பல்கள் ஒழிந்தன. இப்போது லைன். ஒருவர் தோள் சேர்க்கிறார், அடுத்தவர் கை, அதற்கடுத்தவர் கழுத்து. முழு டி-ஷர்ட்டை யாரும் பார்ப்பதில்லை, பேக்கிங் தவிர.

– கட்டைவிரல் மெஷின். அயர்ன் போடுபவர்களின் ரேகை அதற்குத் தெரிவதில்லை. சூட்டில் தேய்ந்துவிட்டது. அவர்களுக்கு இன்னமும் கையெழுத்து.

– புகார்ப் பெட்டி. இந்த ஒரு வருடத்தில் வந்தவை: ‘டீ தண்ணியா இருக்கு’ என்று ஒரு சீட்டு, பாதி கிழிந்த சினிமா டிக்கெட்.

– டைம் கீப்பர் பத்மா, எச்.ஆர். மேனேஜர் மேடம் ஆனது. சம்பளம் கொஞ்சம் கூடியது, தூக்கம் நிறையக் குறைந்தது.

பாடம் 1: (ஒன்றும் தோன்றவில்லை.)

இரவு வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் உடுமலையில் எனக்கு ஒரு மெத்தை வாங்கி வைத்திருக்கிறார். ஆபீஸ் நாற்காலியில் போட்டுக்கொள்ள. ரத்தச் சிவப்பு வெல்வெட்.

“ஏனுங்க, வேற கலரே கெடைக்கலீங்களா?”

“இடுப்புக்குக் கலரு தெரியுமாக்கும்?”

கோழிப்பண்ணைக்காரருக்கு இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

ஜனவரி 8, வியாழன்

காலை, மாலை இரண்டு வேளையும் மின்வெட்டு. ஜெனரேட்டர் இரைச்சலில் எல்லோரும் எல்லோரிடமும் கத்துகிறோம். சிவப்பு மெத்தை சுகம். ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஆர்டர் சரியில்லை. வெளிநாட்டில் கடைகளே மூடுகிறார்களாம். மார்ச் சரக்கில் பாதியை அங்கே வாங்குகிற பையர் வெட்டிவிட்டான். கா.சா. ஒரு லைனையே எடுத்துவிடலாம் என்கிறார். பெரிய முதலாளி கேட்கவில்லை. “ஒருத்தரயும் நிறுத்தப்படாது. பேரு கெட்டுப் போகும். நான் நாலு பேரு மூஞ்சில முழிக்கோணும்.” அப்பா அப்படிச் சொன்னதில் மகனுக்கு வருத்தம். எனக்கு நிம்மதி.

சாயங்காலம் நாலாம் லைன் ஜெபராணி வந்தாள். பிளாட்லாக் மெஷின் டெய்லர். நாசரேத்துப் பக்கம் ஊர். இங்கே எட்டு வருஷமாகக் குடும்பத்தோடு இருக்கிறாள். லைன் முழுக்கத் தெற்கத்தி ஆட்கள், அவர்களுக்கு இவள்தான் வாய்.

“மேடம், பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா வேல இருக்குமா? ஆளாளுக்கு என்னென்னமோ சொல்லுதாவ.”

“யாரு சொன்னது? தைரியமாப் போயிட்டு வாங்க.”

“கிறிஸ்மஸுக்குத்தான் ஏற்றுமதின்னு விடல. பொங்கலுக்கும் விடலன்னா எங்கம்ம என்னைய மறந்துருவா.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்க வீட்டு அவுகளுக்கு சாயப்பட்டறையில ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேல மேடம். நானும் நின்னுட்டா பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்த மாத்தணும்” என்றாள்.

அதை அவள் கெஞ்சலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். அதனாலேயே மனதில் நிற்கிறது.

ஜனவரி 10, சனி

சம்பள நாள். ஊருக்குப் போகிறவர்களின் பைகள் கேட் ஓரம் மலைபோல். கா.சா. மைக்கை என் கையில் திணித்தார். கட்டிங் டேபிள் மேல் ஏறச் சொன்னார். இடுப்போடு ஏறினேன்.

“எல்லாரும் நல்லபடியாப் பொங்கல் கொண்டாடிட்டு வாங்க. வர்ற எல்லாருக்கும் வேலை இருக்குது. ஒருத்தரையும் நிறுத்த மாட்டோம். இது கம்பெனி குடுக்கற வாக்கு.”

கைதட்டல். பீகார் பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “க்யா போலா?” அவன், “சப் கோ காம் மிலேகா.” எல்லோருக்கும் வேலை உண்டாம். இந்தியிலும் கைதட்டல்.

ஜெபராணி கேட்டில் பையோடு நின்று சொன்னாள்: “மைக்குலயே சொல்லிட்டியளே, போதும். பனங்கிழங்கு கொண்டாரேன் மேடம்.”

இந்த வருடத்திலேயே நன்றாக இருந்த நாள். எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

சென்னை ஆலோசகர் வந்தார். பொங்கல் முடிந்து பையரின் ஆடிட். லைனில் ஆட்களின் சொந்தப் பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். சாமி படம், சீப்பு, டப்பா, துண்டு, உட்காரும் மெத்தை, எதுவும். தீப்பிடிக்கும் அபாயம், பார்வைக்கும் அசிங்கம். கம்பெனியே ஒரே மாதிரி ரெக்ஸின் மெத்தை வாங்கித் தருமாம். எப்போது? ‘அடுத்த குவார்ட்டர்.’

ஊருக்குப் போகாத உள்ளூர் ஆட்களிடம் சொன்னேன், அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலாம் லைன் சூப்பர்வைசர் மயில்சாமி என் மேஜைப் பக்கம் வந்து நின்றார், போனார், திரும்ப வந்து நின்றார்.

“என்னுங்க மயில்சாமி?”

“ஒண்ணுமில்லீங்க மேடம்.”

பொங்கல் முன்பணம் கேட்கத் தயங்குகிறார் என்று நினைத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய், போகி

ஊருக்குப் போனவர்களின் ஸ்டூல்களில் மெத்தை எல்லாம் அப்படியே இருந்தது. கட்டிங் வேஸ்டைப் பனியன் துணிக்குள் அடைத்து அவரவரே தைத்துக்கொண்டவை. பச்சை, மஞ்சள், கோடு போட்டது. ஏதோ ஒரு பழைய ஆர்டரின் கார்ட்டூன் வாத்து ஒன்றில். ஜெபராணியுடையதில் ஓரமெல்லாம் சுருக்கு வைத்திருந்தாள்.

நானே நின்று எடுக்கச் சொன்னேன். உள்ளூர் ஆட்கள் ஐந்தாறு பேர் பேசாமல் சாக்கில் போட்டார்கள். எப்போதும் வாய் ஓயாத செக்கிங் பெண்கள்கூடப் பேசவில்லை. பண்டிகை அசதி என்று நினைத்துக்கொண்டேன். போகியன்று பழையதைக் கழிப்பது பொருத்தம்தானே என்று ஒரு அல்ப சந்தோஷம் வேறு. சாக்குகள் வேஸ்ட் வண்டியில் போயின.

தளம் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. ஆலோசகர் போட்டோ எடுத்தார்.

வீட்டில் காப்புக் கட்டு. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ. கோழிக் கொட்டகைக்கும் ஒரு கொத்து. குளித்தும் உடம்பில் பஞ்சு அரிப்பு.

பாடம் 1: சுத்தம் செய்யத் தயங்கக் கூடாது. (இருக்கட்டும். ஒன்றாவது கிடைத்ததே.)

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலூரில் நாத்தனார் ஊடு. பூப்பறிக்கிற நோம்பி. பெண்கள் கும்மியடித்தார்கள், நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். “பத்மா பெரிய மேனேஜராயிட்டாளாமா, கும்மிக்கெல்லாம் வருவாளா?” என்று நாத்தனார். இடுப்புங்க அண்ணி என்றேன். யாரும் நம்பவில்லை. திருப்பூரைத் தனி மாவட்டம் ஆக்கப் போகிறார்கள், அப்போது வேலையெல்லாம் பெருகும் என்று மாமனார் வகையறாவில் ஒருவர். பெருகட்டும்.

ஜனவரி 19, திங்கள்

கம்பெனி திறந்தாயிற்று. நாலாம் லைன் காலி. ஓவர்லாக் மெஷின்கள் பக்கமும் அங்கங்கே ஓட்டை. ஊர்க்காரர்கள் எப்போதும் இரண்டு நாள் தாமதித்துத்தான் வருவார்கள், ரயிலில் இடம் கிடைத்திருக்காது என்று கா.சா.விடம் சொன்னேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மயில்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்கள் ஆட்கள் எப்போது வருகிறார்கள்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“வந்தாங்களே மேடம்.”

“எப்ப?”

“நேத்துக் காத்தால. பஸ்ஸ விட்டு எறங்கிப் பையோட மேல வந்தாங்க. லைனப் பாத்தாங்க. எறங்கிப் போயிட்டாங்க.”

“ஏன்?”

“மெத்தய எடுத்துப் போட்டமுங்களே.”

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தையல் தளத்தில் யாரையும் ‘நாளையிலிருந்து வராதே’ என்று நேரில் சொல்கிற வழக்கம் கிடையாதாம். சூப்பர்வைசருக்கு வாய் வராது. டெய்லருக்கும் பத்து பேர் நடுவில் கேட்க மானக்கேடு. ஆகவே அவர் வருமுன் ஸ்டூலிலிருந்து மெத்தையை எடுத்துவிடுவார்கள். வந்து பார்க்கிறவர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிவிடுவார். ஊருக்குப் போகும்போது மெத்தையை விட்டுப் போவதற்கும் அதே அர்த்தம்: திரும்பி வருவேன், என் இடம் இது. வேலையை விடுகிறவர் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

கம்பெனி கம்பெனியாக எல்லோருக்கும் இது தெரியுமாம். பத்தொன்பது வருஷம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது.

“எனக்குச் சொல்றதுக்கென்னங்க மயில்சாமி?”

“நீங்களே நின்னு எடுக்கச் சொன்னீங்க. சாரு சொல்லித்தான் செய்யறீங்கன்னு நெனச்சனுங்க. தெக்கத்தி ஆளுகளோடது மட்டும் போவுது... எங்களுது தப்பிச்சுதுன்னு பேசாம இருந்துட்டமுங்க.” கடைசிப் பாதியைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“அவங்களாவது என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?”

“கேட்டு, நீங்க ஆமான்னுட்டா?”



மைக்கில் வாக்குக் கொடுத்தவள் நான். மூன்றாம் நாள் நின்று மெத்தையை எடுத்தவளும் நான். என் நாற்காலியில் சிவப்பு மெத்தை அப்படியே இருக்கிறது. அதைச் சொந்தப் பொருள் என்று ஆலோசகருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனையையும் கேட்டேன்.

பேருந்தில் அழுகை வந்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாடம் 1 அடிக்கப்பட்டது.

ஜனவரி 21, புதன்

முதல் வேலையாக வேஸ்ட் கடை. மெத்தைகள் இல்லை. பிரித்து, நிறம் பிரித்து, பஞ்சாக்க அனுப்பிவிட்டார்களாம். “பஞ்சானது திரும்பத் துணியாகி வர ஒரு மாசமாகுமுங்க மேடம், நில்லுங்க, டீ சொல்றேன்” என்றார் கடைக்காரர். கேலியா, மரியாதையா என்று கண்டுபிடிக்கத் தெம்பில்லை. டீ குடித்தேன்.

செல்போன் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் பேசினேன். ஏழெட்டு பேர் வேறு கம்பெனிகளில் சேர்ந்துவிட்டார்கள். “பரவால்லக்கா, இங்கயும் சனிக்கிழமதான் சம்பளம்.” கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ஜெபராணி எடுக்கவில்லை.

மத்தியானம் கா.சா.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை சமாச்சாரத்தைச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல பையன், புரிகிறது என்று நினைத்தேன்.

“ஆக, நாம யாரையும் போகச் சொல்லல.”

“சொல்லலீங்க சார். ஆனா...”

“அவங்களாத்தான் போயிருக்காங்க.”

“நாம எடுத்ததாலங்க சார்.”

“அது ஆடிட்டுக்கு எடுத்தது மேடம்.” சாய்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. “அப்பா சொன்ன மாதிரி ஒருத்தரயும் நிறுத்தல. நான் சொன்ன மாதிரி ஒரு லைனும் கொறஞ்சுது. கூட்டத்துல இதச் சொல்லுங்க. ஒருவரையும் நீக்காமல் ஆட்குறைப்பு. ஸ்லைடே போட்டுரலாம்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்கள். இங்கே குரங்குக்குப் பரிவட்டமும் கட்டுகிறார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

ஆடிட். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கூடப் பெங்களூர்க்காரர் ஒருவர். காலி ஸ்டூல்களைப் பார்த்து “வெரி க்ளீன்” என்றாள். புகார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், காலி. அதற்கும் ஒரு “வெரி குட்”.

பாஸ். எல்லோருக்கும் லட்டு. சர்க்கரை எனக்கு ஆகாது. மயில்சாமி என் லட்டை வாங்கிக்கொண்டார், தின்னாமல் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீவனம் கலக்கிக்கொண்டே கேட்டார். “அந்தப் புள்ள ஊடு எங்கிருக்குது?” என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

காம்பவுண்டு வீடுகள், ஒரே வரிசையில் பத்துக் கதவு, பொதுக் குழாய். ஜெபராணி சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நல்ல புடவை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதன்மேல் ஒரு தலையணை வேறு. “ஒங்களுக்கு இடுப்பு வலில்லா மேடம்.”

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். எனக்கு அந்த வழக்கம் தெரியாது, ஆடிட்டுக்காக எடுத்தது, யாரையும் நிறுத்தவில்லை. பிள்ளை, பத்து வயசிருக்கும், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. போய் விளையாடு என்று அவள் அனுப்பவில்லை.

“மூணு கம்பெனில போயிக் கேட்டுட்டேன். எங்கயும் ஆள் எடுக்கல. அந்தக் கம்பெனிலதான எட்டு வருசம் இருந்த, ஏன் நிறுத்துனாவன்னு கேக்காவ. என்னத்தச் சொல்ல? மைக்குல வாக்குக் குடுத்துட்டு மெத்தய எடுத்துட்டாவன்னா சொல்லட்டும்?”

“ஜெபராணி, நான் சொல்றேன், நீங்க நாளன்னிக்கு வாங்க.”

“அன்னைக்கும் நீங்கதான மேடம் சொன்னிய.”

குழாயடியில் யாரோ குடத்தை வைக்கிற சத்தம்.

“மைக்குல சொன்னது வாய். மெத்தய எடுத்தது கை. எதயாவது ஒண்ணத்தான நம்ப முடியும்?” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு உள்ளே போய், ஒரு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பனங்கிழங்கு. “அன்னைக்கே கொண்டாந்தேன். லைனப் பாத்ததும் எறங்கிட்டதுல குடுக்க முடியல. கொஞ்சம் வதங்கிட்டு. அவிச்சித் தின்னுங்க.”

வண்டியில் பையை மடியில் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். கிழங்கை அவர்தான் அவித்தார். நார் நாராக இருந்தது. தின்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

கா.சா. அறை. ஸ்லைடுகள் தயாராம். எனக்குக் காட்டினார். என் புகைப்படம்கூட ஒன்றில்.

“சார், வர்றவங்களத் திரும்பச் சேத்துக்கோணும்.”

“அந்த லைனே இப்ப இல்லீங்களே மேடம்.”

“அப்ப நான் மைக்குல சொன்னது பொய்யாயிருதுங்க.”

“நீங்க ஏனுங்க சொந்த விசயமா எடுத்துக்கறீங்க? கம்பெனி வாக்குத்தானுங்களே.”

“கம்பெனிக்கு வாய் இல்லீங்க சார். என் வாய்தான் இருந்துது.”

இப்படியெல்லாம் நான் பேசுவதில்லை. எனக்கே காது சுட்டது. அவர் ஸ்லைடை மூடினார். கோபம் வந்தால் இந்த முதலாளி வீட்டு ஆட்களின் பேச்சில் மரியாதை கூடும்.

“சரிங்க மேடம். தானா வந்து நிக்கறவங்கள வேற லைன்ல போட்டுக்கங்க. நாம போயிக் கூப்பிடக் கூடாது. சனிக்கிழம நல்லாப் பேசிருங்க.”

ஞாயிற்றுக்கிழமையே போய்க் கூப்பிட்டாயிற்று என்று சொல்லவில்லை.

அறைக்கு வந்து மாத்திரை போட்டேன். பிறகு ஜெபராணியின் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்து, ‘திங்கள் வந்தால் இடம் உண்டு, வேறு லைன்’ என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மற்றவர்களுக்கும். வருவார்களா தெரியாது. நானாக இருந்தால் வரமாட்டேன்.

பேச வேண்டிய பாடங்கள், இதுவரை:

ஆட்கள் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றால் அவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அமைதியாக நடக்கிற வேலை நல்லபடியாக நடக்கிற வேலை அல்ல.

அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு இரண்டு. கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 31, சனி

கூட்டம், ஒரு ஓட்டலின் மாடி ஹாலில். ஏசி குளிர், இடுப்பு பிடித்துக்கொண்டது. பேண்ட் போட்ட இளம் பெண்கள் நிறைய. எல்லோரும் எச்.ஆர். படித்தவர்கள். நான் பி.காம்., அதுவும் தபாலில்.

ஸ்லைடுகள் ஓடின. பலகை மாற்றியது, லைன், கட்டைவிரல். தலையாட்டினார்கள். அந்த ஸ்லைடு வந்தது: ‘ஒருவரையும் நீக்காமல் ஆட்குறைப்பு’. கா.சா. முன்வரிசையில், கால்மேல் கால்.

“இந்த ஸ்லைடு தப்புங்க” என்றேன்.

தண்ணீர் குடித்தேன். பிறகு மெத்தைக் கதையைச் சொன்னேன். போகி, சாக்கு, திங்கள் காலை பையோடு மேலே வந்து இறங்கிப் போனவர்கள், வாய், கை, எல்லாம். ஜெபராணி பெயரைச் சொல்லவில்லை. நன்றாகப் பேசினேனா தெரியாது. ஒரு இடத்தில் குரல் போய்விட்டது.  முடித்ததும் பெரிய கைதட்டல். புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். மனசு லேசானது. இந்த ஒரு வருஷத்தில் மனசு லேசான இரண்டாவது நாள் என்று எழுத நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

காபி வாங்கும் இடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், ரொம்ப மரியாதை.

“அருமையான பேச்சுங்க மேடம். அந்த மெத்த விசயம்... எல்லாருதையும் ஒரே நாள்ல எடுத்தீங்களா, இல்ல கொஞ்சங் கொஞ்சமாவா? எங்களுக்கும் ரெண்டு லைன் கொறைக்கோணும். லேபர் ஆபீஸ் வரைக்கும் போகாம முடியுமான்னு பாக்கறமுங்க.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.   அவர் பின்னால் இன்னொருவரும் அதையே கேட்கக் காத்திருந்தார்.

கா.சா. காரில் பல்லடம் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் பாட்டு. இறங்கும்போது, “நல்லாப் பேசினீங்க மேடம். ரெஸ்ட் எடுங்க. ரொம்ப அலஞ்சுட்டீங்க” என்றார். இத்தனை மரியாதை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “வேலை போயிருமுங்களா?” என்று கேட்டேன். “போனா கோழி இருக்குது” என்றார். பிறகு, “கோழிக்கு மைக்கு வேண்டாம்” என்றார். சிரித்துவிட்டேன். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

பனி குறைந்துவிட்டது. வேறு எதுவும் குறையவில்லை.

முதல் பேருந்தில் போனேன். தளத்தில் யாருமில்லை. இரண்டாம் லைனில் ஒரு பிளாட்லாக் மெஷின் காலி, மயில்சாமி துடைத்து வைத்திருக்கிறார். ஸ்டூல் வெறும் பலகை. என் அறைக்குப் போய் நாற்காலியிலிருந்த சிவப்பு மெத்தையை எடுத்துவந்து அதன்மேல் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக்கில் சொல்லி இனிப் பிரயோசனமில்லை.

விசில் அடிக்கும் நேரம். நாலாம் லைன் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, வரப் போவதுமில்லை. மூன்றாவதாக ஜெபராணி. படியிலேயே நின்று லைனைப் பார்த்தாள். மொத்தத் தளமும் தைப்பது மாதிரி பாவனை செய்துகொண்டு அவளைப் பார்த்தது. அந்தச் சிவப்பு யாருடையது என்று கம்பெனிக்கே தெரியும்.

நடந்து வந்தாள். ஸ்டூலிலிருந்து என் மெத்தையை எடுத்தாள். கைப்பையிலிருந்து புதிதாகத் தைத்த மெத்தை ஒன்றை எடுத்துப் போட்டாள். ஓரமெல்லாம் சுருக்கு. பிறகு என் மெத்தையைத் தட்டி, தூசி போக ஊதி, என் கையில் கொடுத்தாள்.

“இத மொதல்ல ஒங்க நாக்காலில கொண்டு போடுங்க மேடம். வெறும் நாக்காலியப் பாத்தா சாரு வேற மாதிரி நெனச்சிருவாரு.”

கொண்டுபோய்ப் போட்டேன்.